தடுப்புப் பராமரிப்பே பழுதைக் கொண்டுவரும் இடங்கள்: பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வரும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு மோட்டாரின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் வைக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ‘பழைய கிரீஸ் வெளியே வரும் வரை’ என்றே விடை வருகிறது. பழுது வரும் முன்பே கவனிப்பதுதான் தடுப்புப் பராமரிப்பு என்று படித்தவர்கள், கவனிப்பு கூடக்கூட இயந்திரத்தின் ஆயுளும் கூடும் என்று எண்ணிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். அந்த எண்ணத்திலிருந்து கிளைக்கும் தவறுகளே பராமரிப்புப் பணியில் அதிகம் என்பது என் அனுபவம். ஆகையால் கிரீஸிலிருந்தே தொடங்குகிறேன்.

பேரிங்கைச் சுற்றியுள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். அதற்கு மேல் அடைத்தால் குண்டுகள் உருளும்போது கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதால் சூடு ஏறும். சூட்டில் எண்ணெய் பிரிந்து வடிந்து, எஞ்சிய பகுதி கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பேரிங்கில் கிரீஸ் இருக்கும், உயவு இருக்காது. நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், மாதந்தோறும் தவறாமல் கிரீஸ் வைக்கப்பட்டு வந்த ஒரு புளோயர் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினோம். உள்ளே கிரீஸ் ஆறிப்போன வெல்லப்பாகு போலப் பழுப்பாக இறுகி, ஸ்குரூடிரைவரால் சுரண்டி எடுக்கும் நிலையில் இருந்தது. மிகையாக ஏற்றிய கிரீஸ் உள்மூடியின் இடுக்கு வழியாகப் போய் வைண்டிங்கின் (கம்பிச் சுருளின்) மேல் படிந்திருக்க, அதன் மேல் தூசி ஒட்டி மோட்டாருக்கே போர்வை போர்த்தியது போலிருந்தது. அந்த மோட்டாரின் பராமரிப்பு அட்டையில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

சரியான அளவைக் கணக்கிடுவது எளிது. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005 ஆல் பெருக்கினால் மறுமுறை வைக்க வேண்டிய கிரீஸின் அளவு கிராமில் கிடைக்கும். 6310 என்ற எண்ணுள்ள பேரிங்குக்கு வெளிவிட்டம் 110, அகலம் 27; எனவே ஏறத்தாழ 15 கிராம். கிரீஸ் கன்னை ஒருமுறை அழுத்தினால் எத்தனை கிராம் வரும் என்பது கன்னுக்குக் கன் மாறும். பத்து அழுத்தலை ஒரு காகிதத்தில் எடுத்து எடைபோட்டு வைத்துக்கொண்டால் அதன் பிறகு ஊகத்துக்கு இடமில்லை. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துடைக்காமல் கன்னை மாட்டினால் அதன் மேலிருக்கும் மண் முதல் அழுத்தலிலேயே பேரிங்குக்குள் போய்விடும். பழைய கிரீஸை வெளியேற்றும் துளையின் அடைப்பானைத் திறக்க மறப்பதும், லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸை ஏற்றுவதும் அடிக்கடி நடப்பவை. வகை பொருந்தாத இரு கிரீஸ்கள் கலந்தால் கலவை இளகி ஒழுகிவிடலாம் அல்லது இறுகிவிடலாம். இருபுறமும் மூடிய பேரிங் பொருத்திய மோட்டாருக்கோ கிரீஸே வைக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் நாட்காட்டியை வைத்தே தீர்மானிப்பது. இயந்திர உறுப்புகள் வயதானால் தேய்ந்து பழுதாகும், எனவே குறித்த காலத்தில் பிரித்து மாற்றிவிட வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் கருத்து. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் 1978 இல் வெளியிட்ட அறிக்கை, விமான உறுப்புகளில் 11 விழுக்காடு மட்டுமே வயதோடு தொடர்புடைய பழுதைக் காட்டின என்றும், 68 விழுக்காடு புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில்தான் அதிகம் பழுதாகி, பின்னர் நிலைபெற்றன என்றும் காட்டியது. அதற்கு முன்பே இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் பணியாற்றிய உயிரியலாளர் வாடிங்டன், குறித்த கால ஆய்வு முடிந்து பறக்கத் தொடங்கியவுடன் எதிர்பாராப் பழுதுகள் கூடி, பறக்கும் நேரம் ஏற ஏறக் குறைவதைக் கண்டறிந்தார். நன்றாக ஓடும் ஒன்றைப் பிரிப்பதே அதற்குப் புதிய பிறப்பைக் கொடுப்பது போன்றது. இளம்பருவத்து ஆபத்துகள் அனைத்தும் மீண்டும் தொடங்குகின்றன. போல்ட் முறுக்கம் மாறலாம், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் கிள்ளப்படலாம், இரு தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் நேர்கோடு விலகலாம்.

இதனால் நாட்காட்டி பயனற்றது என்று ஆகிவிடாது. வடிகட்டி, பெல்ட், மணல் கலந்த நீரை இறைக்கும் பம்பின் இம்பெல்லர் போன்று உண்மையிலேயே தேயும் பொருள்களுக்குக் காலக்கெடு பொருந்தும். பேரிங்குக்கு அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து பார்ப்பதே பொருந்தும். எந்த உறுப்பு எவ்வாறு பழுதாகும் என்று முதலில் கேட்டுவிட்டு அட்டவணை போட வேண்டும். நம் கல்லூரிப் பாடத்தில் இந்தக் கேள்விக்குப் போதிய இடம் இல்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

அளந்ததைப் பதிவுசெய்யும் முறையிலும் பெருந்தவறு நடக்கிறது. செக்லிஸ்டில் ‘சரி’ என்று குறியிடுவதால் எதுவும் தெரியாது. மோட்டார் வைண்டிங்கின் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் அளவை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் மின்காப்புத் தடை ஏறத்தாழப் பாதியாகிறது. வைண்டிங் 60 டிகிரியில் இருக்கும்போது 25 மெகாஓம் காட்டும் மோட்டாரும், 40 டிகிரியில் 100 மெகாஓம் காட்டும் மோட்டாரும் ஒரே நிலையில் இருப்பவை. வெப்பநிலையைக் குறிக்காமல், ஓடி நின்ற சூட்டில் எடுத்த அளவையும் மார்கழிக் காலையில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால், நல்ல மோட்டாரைப் பழுது என்றும், கெட்டுக்கொண்டிருக்கும் மோட்டாரை நல்லது என்றும் முடிவுசெய்ய நேரும். எண்ணை எழுத வேண்டும், வெப்பநிலையை எழுத வேண்டும், முந்தைய எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவை இயந்திரத்தைக் கெடுப்பவை. உயிரையே எடுக்கும் தவறு ஒன்றும் உண்டு. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டு, அந்த இடம் தற்காலிகத் தகடு ஒன்றால் மூடப்பட்டிருந்தது. பம்பு வேலைக்கு ஒரு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), வால்வு வேலைக்கு வேறொரு பெர்மிட். இரவில் மற்றொரு பம்பு நின்றுவிட்டபோது, வால்வு இல்லாததை அறியாத பணியாளர்கள் இந்தப் பம்பை இயக்கினர். கசிந்த வாயு தீப்பற்றியது. 167 பேர் இறந்தனர். நம் பட்டறைகளில் மின்சாரத்தைத் துண்டிக்க ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்க்கலாம். அது பாதுகாப்பு ஆகாது, ஏனெனில் வேறொரு கேரியரைச் செருக அரை நிமிடம் போதும். தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்து, ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நேரில் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகே இடத்தைவிட்டு நகர வேண்டும். பூட்டிய பிறகும், வேலையைத் தொடங்கும் முன் ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சிறிய தவறுகள் சிலவும் உள்ளன. ஒரே புல்லியில் நான்கு வி-பெல்ட்கள் ஓடும்போது அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன மூன்றின் சுமையையும் புதியதே தாங்கி விரைவில் அறுந்துவிடும். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மோட்டாரைத் திறந்து அழுத்தக் காற்றால் ஊதினால் தூசி வைண்டிங்கின் இடுக்குகளுக்குள் போய்த் தங்கும். உறிஞ்சி எடுப்பதே நல்லது.

யாரும் நினைத்துப் பார்க்காத இயந்திரம் ஒன்று உண்டு, அது ஓடாமல் காத்திருக்கும் மாற்றுப் பம்பு. பக்கத்துப் பம்பின் அதிர்வு தரை வழியாக வந்துகொண்டே இருப்பதால், அசையாமல் நிற்கும் பேரிங்கின் குண்டுகள் தாம் நிற்கும் இடத்திலேயே வளையத்தில் குழிகளை உண்டாக்கிவிடும். அவசரத்துக்கு இயக்கும் நாளில் அது இரைச்சலோடுதான் ஓடும். இரு பம்புகளையும் மாற்றி மாற்றி ஓட்டுவது சிறந்த வழி. அதற்கு வாய்ப்பில்லாத இடத்தில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, வாரம் ஒருமுறை தண்டைக் கையால் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தொடங்கிய இடத்தில் நிறுத்தாமல் கால் சுற்று தள்ளி நிறுத்த வேண்டும்.