ஈ.எம்.டி.ஆர்: விரல் அசைவதற்கு முன்னும் பின்னும்

ஈ.எம்.டி.ஆர் (Eye Movement Desensitization and Reprocessing) என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, சிகிச்சையாளர் இடமும் வலமுமாக அசைக்க, சிகிச்சைக்கு வந்தவர் கண்ணால் பின்தொடரும் விரல்தான். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கிய இந்த மனக்காயச் சிகிச்சையில் எட்டுக் கட்டங்கள் உண்டு. விரல் நான்காவதில்தான் வருகிறது.

முதலில் வாழ்க்கை வரலாறு கேட்பார்கள். அடுத்தது தயாரிப்பு: மூச்சுப் பயிற்சி, மனதுக்குள் ஓர் அமைதியான இடம், 'போதும், நிறுத்துங்கள்' என்பதற்கு ஒரு கைச்சைகை. பதற்றம் ஏறினால் தானே தணித்துக்கொள்ளத் தெரியாதவரை அந்த நினைவுக்குள் இறக்கக் கூடாது. நினைவு தப்பி மரத்துப்போகிறவர்களுக்கு இந்தக் கட்டமே பல வாரம் இழுக்கும், இழுக்கட்டும்.

மூன்றாவதில் சம்பவத்தின் மிக மோசமான காட்சி ஒன்றைப் பிடிக்க வேண்டும். அந்தக் காட்சி அவரைப் பற்றி அவருக்கு இன்றும் என்ன சொல்கிறது? 'லாரி மோதியது' என்பது நடந்த செய்தி. 'எனக்குப் பாதுகாப்பே இல்லை' என்பதுதான் வேண்டிய வாக்கியம். அதற்குப் பதிலாக நம்ப விரும்புவது எது, அதை இப்போது 1 முதல் 7 வரை எவ்வளவு நம்ப முடிகிறது, வேதனை 0 முதல் 10 வரை எத்தனை, உடம்பில் எங்கே உறுத்துகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

பிறகுதான் விரல். சிகிச்சையாளர் நேர் எதிரே உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு சுற்றுக்குச் சுமார் 24 முறை, கண்ணுக்குத் தாங்கும் வேகத்தில் விரலை அசைப்பார். நின்றதும் 'இப்போது என்ன வருகிறது?' என்று ஒரே கேள்வி. ஓரிரு வாக்கியத்தில் பதில் போதும். இங்கே விளக்கம் சொல்ல ஆரம்பிக்கும் சிகிச்சையாளர் ஓட்டத்தைக் கெடுக்கிறார். மெதுவாக அசைப்பதும் பிசகு: நினைவையும் விரலையும் ஒரே நேரத்தில் பிடிக்க மனம் திணறுவதால்தான் காட்சி மங்குகிறது என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம். கண் வலித்தால் உள்ளங்கைகளில் மாறி மாறித் தட்டலாம். இரண்டு சுற்றாக மாற்றமே இல்லையா? திசையை, வேகத்தை மாற்றிப் பார்ப்பார்கள். அப்படியும் வேதனை எண் இறங்காவிட்டால் அடியில் பழைய நினைவு ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வேதனை 0-க்கு வந்தபின் ஐந்தாவதாக நல்ல நம்பிக்கையை 7 வரை ஊன்றுவது, ஆறாவதாக உறுத்தல் மிச்சமிருக்கிறதா என்று உடம்பைத் தலை முதல் கால் வரை சரிபார்ப்பது.

ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம். பாதியில் நின்றாலும் கடைசிப் பத்து நிமிடம் அமைதிப்படுத்தவே, அதுதான் ஏழாவது கட்டம். அடுத்த சில நாள் கனவுகள் கலங்கலாம். குறித்துவைத்துக்கொண்டு போங்கள், அடுத்த அமர்வு அதிலிருந்துதான் தொடங்கும், அந்த மறுபார்வையே எட்டாவது கட்டம். காணொளி பார்த்துத் தனியே செய்து பார்ப்பது மட்டும் வேண்டாம். கிளறிய நினைவை மூடிவைக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.