அடையாளம் தெரியாத இரைகொல்லிப் பறவையைப் பெயர் வரை கொண்டுபோவது எப்படி?

வழக்கமில்லாத ஒரு பருந்தோ கழுகோ வானத்தில் வட்டமிட்டால், புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் முதலில் குறித்துக்கொள்வது நிறத்தை. இந்தப் பறவைகளில் கடைசியாக நம்ப வேண்டியதே அதுதான். இளம்பறவைக்கு ஒரு நிறம், முதிர்ந்ததற்கு வேறு. சில இனங்களில் முதிர்ந்த பறவைகளிலேயே வெளிர், கருமை என்று தனித்தனி வகைகள் உண்டு. தேன்பருந்தின் வயிற்றுப்பக்கம் ஏறக்குறைய வெள்ளையில் தொடங்கி அடர்பழுப்பு வரை எப்படியும் இருக்கும். அதனால் முதலில் பறக்கும் விதம், அடுத்து இறக்கையும் வாலும், பிறகுதான் நிறம்.

படி 1: பறவை கண்முன் இருக்கும்வரை பறவையை மட்டும் பாருங்கள்

புத்தகமும் செயலியும் பையிலேயே இருக்கட்டும். பறவை போன பிறகு அவை கிடைக்கும். பறந்த விதம் கிடைக்காது. பறவை நேர் எதிரே வரும்போதோ விலகிப் போகும்போதோ இறக்கையை எப்படி வைத்திருக்கிறது என்று கவனியுங்கள். பூனைப்பருந்துகள் இரண்டு இறக்கையையும் மேலே தூக்கி 'V' போலப் பிடித்து, தரையை ஒட்டிச் சாய்ந்து சாய்ந்து போகும். தேன்பருந்து தட்டையாக வைத்திருக்கும். கரும்பருந்தின் இறக்கை சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வாலை இப்படியும் அப்படியும் முறுக்கித் திசை திருப்பும். மீன் பிடிக்கும் விராலடிப்பானின் இறக்கை மணிக்கட்டில் (இறக்கையின் முன்விளிம்பு வளையும் மூட்டில்) மடிந்து 'M' போலத் தெரியும்.

அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்தால் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும்: செவ்வல்லூறு, கருந்தோள் பருந்து, பாம்புண்ணிக் கழுகு, நீர்மேல் என்றால் விராலடிப்பான்.

அளவை மட்டும் ஊகிக்காதீர்கள். வெறும் வானத்தில் தூரம் தெரியாது. தூரம் தெரியாமல் அளவும் தெரியாது. காகம் துரத்தி வந்தால் நல்லது, இரண்டையும் ஒரே படத்தில் பிடியுங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x வாங்கச் சொல்பவர்கள் நிறைய. ஆனால் வேகமாகத் திரும்பும் பறவையைத் தொடர அகலமான பார்வைப் புலம்தான் உதவும். அது பெரும்பாலும் 8x-இல் கூடுதலாகக் கிடைக்கும்.

படி 2: படம்

பிரகாசமான வானத்தைக் கேமரா அளந்து, பறவையைக் கரி உருவமாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கேமரா அமைப்பை) +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். வேண்டியது இறக்கையின் அடிப்பக்கம். ஷட்டர் 1/1600 அல்லது அதற்கும் வேகமாக, தொடர் படப்பிடிப்பில். RAW-இல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பாக) எடுத்தால் இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கிப் பார்க்கலாம். ஒரே அழகான படத்தைவிட, பறவை ஒரு முழு வட்டம் சுற்றுவதைக் காட்டும் இருபது சுமாரான படங்கள் மேல்.

படி 3: விரல்களை எண்ணுதல்

இறக்கை நுனியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் நீண்ட இறகுகளை 'விரல்கள்' என்கிறோம். குழப்பும் இணைகளைப் பிரிக்க இதைவிட நல்ல கருவி குறைவு. வைரிக்கு ஐந்து, அதைப் போலவே இருக்கும் யூரேசியச் சிட்டுப்பருந்துக்கு ஆறு. ஆசியத் தேன்பருந்துக்கு ஆறு, ஐரோப்பியத் தேன்பருந்துக்கு ஐந்து. சேற்றுப் பூனைப்பருந்துக்கு ஐந்து, மாண்டேகு பூனைப்பருந்துக்கு நான்கு.

ஆனால் பெரும்பாலான தவறுகளும் இந்தப் படியில்தான் நடக்கின்றன. காரணங்கள் மூன்று.

ஒன்று, பறவை சறுக்கிப் போகும்போது இறக்கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஆறு நான்காகத் தெரியும். நுனி கூர்மையாகி, பருந்துகூட வல்லூறு போலத் தோன்றும். எனவே வெப்பக்காற்றில் முழுதாக இறக்கை விரித்து வட்டமிடும் படத்தில் மட்டும் எண்ணுங்கள்.

இரண்டு, இறகு உதிர்த்து முளைக்கும் காலம். நடுவில் ஓர் இறகு விழுந்திருந்தால் எண்ணிக்கை குறையும். புது இறகு பாதி வளர்ந்திருந்தால் அது விரல் என்றே தெரியாது. இரண்டு இறக்கையையும் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் இயல்புக்கு மீறிய இடைவெளி இருந்தால் அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இதில் ஒரு நன்மையும் உண்டு: கூட்டைவிட்டு வந்த முதல் சில மாதங்களில் இளம்பறவையின் இறகுகள் எல்லாம் ஒரே வயது, இறக்கையின் பின்விளிம்பு சீராக, வெட்டுப்படாமல் இருக்கும். பழையதும் புதியதும் கலந்து தெரிந்தால் அது அந்த ஆண்டுக் குஞ்சு அல்ல.

மூன்று, எங்கே நிறுத்துவது என்ற குழப்பம். வெளி விளிம்பிலிருந்து தொடங்குங்கள். முதல் இறகு குட்டையாக இருந்தாலும் அதையும் ஒன்று என்று எண்ணுங்கள். பக்கத்து இறகிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும் கடைசி நுனியோடு நிறுத்துங்கள். குறைந்தது மூன்று படங்களில் ஒரே எண் வந்தால் நம்பலாம்.

படி 4: சாதாரணப் பறவையை முதலில் கழித்துவிடுங்கள்

அரிய இனத்தின் பெயர் மனதில் வந்ததும் அதற்கு ஆதாரம் தேடத் தோன்றும். தேட வேண்டியது எதிர்த்திசையில்: நீங்கள் அன்றாடம் பார்க்கும் பறவையின் இளம்பறவையோ, இறகு உதிர்ப்பதோ, மோசமான வெளிச்சத்தில் நிற்பதோ இப்படித் தெரியுமா? 'பிளவில்லாத வால் கொண்ட பழுப்புக் கழுகு' பல நேரம் வாலை முழுதாக விரித்த கரும்பருந்தாகவே இருக்கும். விரித்தால் பிளவு மறைந்து வால் நேராகிவிடும். வால் உண்மையிலேயே வட்டமாக இருந்தால் செம்பருந்தின் இளம்பறவையைச் சோதியுங்கள். அதற்கு வெள்ளைத் தலையும் செங்கல் நிறமும் இன்னும் வந்திருக்காது. மாலை வெயிலில் எல்லா வயிறும் செம்மையாகத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 5: நெருங்கிய இரண்டைப் பிரித்தல்

இப்போதுதான் நுண்குறிகள். புல்வெளிக் கழுகின் வாய்க்கோடு (அலகின் அடியிலிருந்து பின்னோக்கிப் போகும் வாயின் ஓரம்) கண்ணின் பின்விளிம்பு வரை நீளும். பெரும்புள்ளிக் கழுகுக்குக் கண்ணின் நடுப்பகுதியோடு நிற்கும். ஆசியத் தேன்பருந்தில் முதிர்ந்த ஆணின் கண் கருமை, பெண்ணுக்கு மஞ்சள். தலை புறாவினுடையதுபோலச் சிறுத்து, கழுத்து நீண்டிருக்கும். பூட்டட் கழுகு எதிரே வரும்போது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரியும். வெளிர், கருமை இரண்டு வகைக்கும் இது பொது என்பதால் விலைமதிப்பற்ற குறி.

படி 6: எழுதிவையுங்கள், பிறகு கேளுங்கள்

புத்தகத்தைத் திறக்குமுன் பார்த்ததை எழுதுங்கள். ஓவியத்தைப் பார்த்த பிறகு, பார்க்காத குறியும் பார்த்ததாகத் தோன்றும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியின் படக் கணிப்பைப் பெயர்ப் பட்டியல் பெற மட்டும் பயன்படுத்துங்கள், தீர்ப்பு உங்களுடையது. கரி உருவப் படங்களிலும் இளம்பறவைகளிலும் அது தடுமாறும். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் இனம் உறுதியாகாவிட்டால் 'கழுகு வகை' என்ற அளவில் பதிய வசதி இருக்கிறது. தவறான இனப் பெயரைவிட அந்தப் பதிவு எவ்வளவோ பயனுள்ளது. படத்தைச் செதுக்குமுன் மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள், பதிவைச் சரிபார்ப்பவர்கள் அதைக் கேட்பார்கள்.

பின்சேர்க்கை

எந்தப் புத்தகத்தோடும் பொருந்தாத வல்லூறு என்றால் கால்களைப் பாருங்கள். தோல்வார் தொங்கினால் அது வளர்ப்பிலிருந்து தப்பியது, கலப்பினமாகவும் இருக்கலாம். உலோக வளையமோ இறக்கை அட்டையோ தெரிந்தால் நிறம், எழுத்துகள், எந்தப் பக்கம் என்ற மூன்றையும் குறியுங்கள். கூடு என்றால் இருப்பிடத்தைப் பொதுவில் பதியாதீர்கள், ட்ரோனை அருகே பறக்கவிடாதீர்கள்.