செஞ்சிக்கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"செஞ்சியா? தேசிங்கு ராஜா கட்டின கோட்டைதானே?" முதல் தவறே இதுதான். தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த சண்டையில் இறந்துபோனார். கூத்தும் கதைப்பாட்டும் அவரையும் அவர் குதிரை பாராசாரியையும் ஊர் ஊராகக் கொண்டுபோனதில் மற்றவர்கள் மறக்கப்பட்டார்கள்.

2025இல் 12 மராட்டியக் கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, சிவாஜி கட்டியது என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோனார்கள் தொடங்கி, நாயக்கர்கள் பெரிதாக்கி, 1649இல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்த கோட்டை இது. சிவாஜி 1677இல்தான் வந்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, முகலாயப் படை வருடக்கணக்கில் கீழேயே முற்றுகையிட்டுக் கிடந்தது. கோட்டை விழ 1698 ஆயிற்று.

ஏன் அவ்வளவு காலம்? கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை ஆழமாகப் பிளந்து கிடக்கிறது. நடுவில் ஒரு குட்டிப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழியில்லை. மூச்சு வாங்குகிறதென்று பாதியில் திரும்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அப்படித் திரும்புவதற்கும் காரணம் உண்டு. பதினொரு மணிக்கு வந்து இறங்கினால், கொதிக்கிற கருங்கல்லில் 800 அடி உயரம் ஏறுவது யாருக்கும் கஷ்டம்தான். சரி, வெயில் தாழட்டும் என்று காத்திருந்தால், பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். காலையில் திறந்ததும் ஏறிவிடுங்கள். கையில் பிஸ்கட் பொட்டலம் வேண்டாம். குரங்குகள் கேட்டு வாங்குகிற ரகம் இல்லை. தண்ணீர் பாட்டிலும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்று, ராஜகிரியோடு முடித்துக்கொள்வது. கோட்டை மூன்று மலைகளை வளைத்துக் கட்டியது. சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரியில் ஏறுவது சுலபம், கூட்டமும் குறைவு. (மேப்பில் வெறும் 'கிருஷ்ணகிரி' என்று போட்டால் ஓசூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்!)

இறங்கி வந்ததும் கல்யாண மகாலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், வெங்கடரமணர் கோயிலுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் இந்தக் கோயிலிலிருந்து போனவைதான்.