டர்பனில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது?

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழர்கள் முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்வது ‘நவ்’ என்ற சொல்லிடம்தான். கீசர் ஒழுகுகிறது, பிளம்பருக்கு போன் போடுகிறீர்கள். ‘ஐ வில் பி தேர் ஜஸ்ட் நவ்’ என்கிறார். ‘இதோ கிளம்பிட்டேன்’ என்று எடுத்துக்கொண்டு வாசலில் நின்றால் கால்தான் வலிக்கும். அவர் சொன்னது ‘அப்புறமா வரேன்’. அது அரை மணி நேரமாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். அவர் ஏமாற்றவில்லை, இந்நாட்டு ஆங்கிலத்தில் அதற்குப் பொருளே அதுதான்.

டச்சு மொழியிலிருந்து வளர்ந்து இந்நாட்டில் பேசப்படும் அஃப்ரிகான்ஸ் மொழியின் ‘நெட்நௌ’ சற்று முன்பையும் குறிக்கும், சற்றுப் பின்பையும் குறிக்கும். அந்த இரட்டை வேடம் இங்கே ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆகவே முதலில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ஹி வாஸ் ஹியர் ஜஸ்ட் நவ்’ என்றால் இறந்தகாலம்: இப்பத்தான் இருந்தார். இதில் குழப்பமில்லை. ‘வில்’, ‘கோயிங் டு’ வந்தால் பிற்பாடு. நம்மவர்கள் சறுக்குவது ‘ஐ ஆம் கமிங் ஜஸ்ட் நவ்’ என்பதில். உடனே வருவதாக நினைத்து மேனேஜரிடம் இதைச் சொல்வோம். இவர் கைவேலையை முடித்துவிட்டுச் சாவகாசமாக வருவார் என்று அவர் நினைத்துக்கொள்வார். உடனே என்றால் ‘ரைட் நவ்’ என்றே சொல்லுங்கள். வெறும் ‘நவ்’கூட இங்கே கொஞ்சம் இழுபடும்.

‘நவ் நவ்’ அடுத்த ரகம். இது ‘ஜஸ்ட் நவ்’வைவிடக் கிட்டத்தில் இருக்கிறது, நம் ‘இதோ’வுக்குப் பக்கத்தில் வைக்கலாம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ‘போரிட்ஜ் ப்ரேயர்’ நடக்கும்போது, ‘ஃபுட் இஸ் கமிங் நவ் நவ்’ என்று ஓர் ஆன்ட்டி சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். அவரே ‘ஜஸ்ட் நவ்’ என்றால் தெருமுனைக் கடைக்குப் போய்வரலாம். ‘ஐ சா ஹிம் நவ் நவ்’ என்பது மறுபடியும் இறந்தகாலம்: சற்று முன்தான் பார்த்தேன். எல்லோரும் ஒரே அளவுகோலில் பேசுவதில்லை என்பதும் உண்மை. சிலருடைய ‘நவ் நவ்’ இரண்டு நிமிஷம், சிலருக்கு இருபது. ஆளைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு சொல்லுக்கும் நடுவே சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, ‘நவ், நவ், டோன்ட் க்ரை’ என்றால் காலக்கணக்கே கிடையாது. குழந்தையைத் தேற்றுகிறார்கள். ஆங்கிலம் பேசும் மற்ற நாடுகளிலும் இந்த வழக்கு உண்டு.

சரி, நேரத்தை எப்படிக் கறப்பது? ‘வென்?’ என்று கேட்காதீர்கள். மறுபடி ‘ஜஸ்ட் நவ்’ என்றே பதில் வரும். ‘பிஃபோர் டூ ஓ க்ளாக் ஆர் ஆஃப்டர்?’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். கவுன்ட்டரில் நின்றால் ‘ஷுட் ஐ வெயிட், ஆர் கோ அண்ட் கம் பேக்?’ என்பது இன்னும் நல்லது. எதிரில் இருப்பவர் உங்கள் காத்திருப்பை மனதில் வைத்துப் பதில் சொல்வார். வேலையாட்களிடம் பேசி முடித்ததும் அந்த மணியை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, ‘ஓகே’ வாங்கிவிடுங்கள். முகத்தைச் சுளித்து ‘நவ் மீன்ஸ் நவ்’ என்று அதட்டுவது இங்கே எடுபடாது, பகைதான் மிஞ்சும்.

ஆம்புலன்ஸுக்கு 10177, போலீஸுக்கு 10111 அழைக்கும்போது மட்டும் இந்தச் சொல்லையே தவிர்ப்பது நல்லது. ‘ஹி கொலாப்ஸ்ட் ஜஸ்ட் நவ்’ என்றால் விழுந்து ஒரு நிமிஷமா, அரை மணியா என்று கேட்பவருக்குத் தெரியாது. ‘ஃபைவ் மினிட்ஸ் அகோ’ என்று கணக்காகச் சொல்லிவிட்டு, முகவரியையும் குறுக்குத் தெருவின் பெயரையும் கையோடு கொடுங்கள்.