முடிச்சுட்டுக் காட்டுறேன்க்கா

போன சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், எனக்குத் தெரிந்த பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். ப்ராஜெக்ட் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டதும் லேப்டாப்பைப் பாதி மூடிக்கொண்டு, "முடிச்சுட்டுக் காட்டுறேன்க்கா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இதையே சொல்லிச் சொல்லித்தான் நான் ஒரு கோடை முழுவதையும் தொலைத்தேன்.

ப்ராஜெக்டை விலைக்கு வாங்காதே, நிரலைக் காப்பியடிக்காதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிட்டு, கோடை இன்டர்ன்ஷிப்பிலும் ப்ராஜெக்டிலும் மாணவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

மே மாதம் தேடத் தொடங்குவது

செமஸ்டர் முடிந்து, கத்திரி வெயில் வந்த பிறகு இன்டர்ன்ஷிப் கேட்டு வருகிறார்கள். நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுவது வழக்கம். 1993ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி, திறன் தேடல் முகாமும் அப்படித்தான். முகாம் கோடையில், விண்ணப்பம் பல மாதம் முன்பே. திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுத வாய்ப்பு தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்குப் பெயரில்தான் சம்மர். அதற்கு விண்ணப்பிக்கும் முன்பே, நீங்கள் வேலை செய்ய விரும்பும் மென்பொருளில் நாலு சின்னப் பிழையாவது திருத்தியிருந்தால்தான் உங்களை அங்கே யாருக்காவது தெரியும். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

நாற்பது பேருக்கு ஒரே மெயில்

தரமணியில் இருக்கும் பேராசிரியருக்கு, "சிறுசேரியில் உங்கள் வழிகாட்டுதலில் பணியாற்ற விரும்புகிறேன்" என்று, இடத்தின் பெயரைக்கூட மாற்றாமல் ஒரு பெண் எழுதியிருந்தாள். பதிலே வரவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டாள்.

முடிக்கும்வரை காட்டாமல் வைத்திருப்பது

இது என் கதை. எம்.எஸ்சி. முதல் ஆண்டு முடிந்த கோடை. எட்டு வார ப்ராஜெக்ட். கைடு கொடுத்த கேள்வி கேட்பதற்கு எளிது: நாலு, ஐந்து, ஆறு, ஏழு புள்ளிகளை வைத்து, துண்டு துண்டாகப் பிரியாத கிராஃப் (புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த படம்) எத்தனை விதமாக வரையலாம்? நிரல் எழுதி எண்ண வேண்டும்.

பைத்தானில் எழுதினேன். 4 புள்ளிக்கு 38 வந்தது. 5க்கு 728, 6க்கு 26,704. 7 புள்ளி என்றால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராஃபைச் சோதிக்க வேண்டும். என் பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் எனக்கு இருந்த ஒரே கவலை வேகம்தான். சி++ கற்றுக்கொண்டு முழுவதையும் திருப்பி எழுதினேன். நடுவில் கைடு இரண்டு மூன்று முறை, "என்னம்மா, எப்படிப் போகுது?" என்று கேட்டார். "நல்லா போகுது சார், முடிச்சுட்டுக் காட்டுறேன்."

ஆறாவது வாரக் கடைசியில் 18,66,256 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

"நாலு புள்ளிக்கு எத்தனை?"

"முப்பத்தெட்டு சார்."

ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். நீளமாக ஒரு சங்கிலி. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து மூன்று கை. ஒரு சதுரம். வால் வைத்த முக்கோணம். குறுக்கே ஒரு கோடு போட்ட சதுரம். எல்லாப் புள்ளியும் எல்லாவற்றோடும் சேர்ந்தது. மொத்தம் ஆறு. பேனாவை மூடிவிட்டார்.

'விதம்' என்று அவர் சொன்னது வடிவத்தை. நான் புள்ளிகளுக்குப் பெயர் வைத்து, ஒரே சங்கிலியைப் பன்னிரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். அந்த ஆறு வடிவத்துக்கும் வரிசையாக 12, 4, 3, 12, 6, 1. கூட்டினால் என் 38. எண்ணியதில் தப்பே இல்லை, கேள்விதான் வேறு. 7 புள்ளிக்கு அவர் கேட்ட விடை வெறும் 853.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "முதல் வாரமே அந்த முப்பத்தெட்டைக் காட்டியிருக்கலாமேம்மா" என்றார். ஐந்து நிமிட வேலை. இரண்டு கிராஃபும் ஒரே வடிவம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அந்த ப்ராஜெக்டின் உயிரே. மிச்சமிருந்த இரண்டு வாரத்தில் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியவில்லை.

சோம்பேறித்தனத்தால் யாரும் மறைப்பதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து விடைத்தாளை முழுசாக எழுதித்தான் கொடுத்துப் பழகியிருக்கிறோம். அரைகுறையாக நீட்டக் கை வருவதில்லை. அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான்: வெள்ளிக்கிழமைதோறும் கைடுக்கு அரைப் பக்கம். என்ன செய்து பார்த்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், ஆகச் சிறிய கணக்குக்குக் கையால் போட்ட விடை என்ன. அவர் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதும்போதே பாதி வெளிச்சமாகிவிடும். எண்ணுகிற ப்ராஜெக்ட் என்றால், நீல் ஸ்லோன் 1964ல் சேர்க்கத் தொடங்கிய எண் தொடர்க் களஞ்சியம் ஓ.இ.ஐ.எஸ். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதில் என் 38, 728ஐத் தட்டியிருந்தால், இது பெயரிட்ட புள்ளிகளுக்கான தொடர் என்று அன்றைக்கே சொல்லியிருக்கும்.

கிட் அப்புறம் கற்றுக்கொள்ளலாம் என்பது

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி அது. முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

சேரும் முன்பே சான்றிதழ் தருவார்களா என்று கேட்பது

கேட்காதீர்கள்.

அந்தப் பையனை விடவில்லை. லேப்டாப்பைத் திறக்கவைத்தேன். கட்டங்களில் 1 முதல் எண்களை நிரப்பி, நேராக, குறுக்காக, மூலைவிட்டமாக எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் மாயச் சதுரங்களை எண்ணும் நிரல். நாலுக்கு நாலு கட்டம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. "மூணுக்கு மூணு எத்தனை வந்துச்சு?" என்றேன். எட்டு என்றான். அந்த எட்டும் ஒரே சதுரத்தைத் திருப்பியும் கண்ணாடியில் பார்த்தும் வருவதுதான்.

"உங்க சார் கேட்டது எட்டா, ஒண்ணா?"

கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம் ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்திவிட்டு மெயிலைத் திறந்தான்.