ஜி.எம். ஆன பிறகு செய்யக்கூடாத தவறுகள்

கோவை பம்ப் கம்பெனிகளில் 20 வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தவன் நான். இப்போது புதிதாக ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) பொறுப்புக்கு வருகிற சிலருக்கு வழிகாட்டுகிறேன். கத்தக்கூடாது, மீட்டிங்குக்கு நேரத்தோடு வரவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் செய்த தவறையே அவர்களும் செய்வதைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை.

மேனேஜரைத் தாண்டி உத்தரவு போடுவது

ஜி.எம். ஆன முதல் வருடம், காலை 8 மணிக்கு நேராக, உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரிக்குள் போய்விடுவேன். டீலர் யாராவது அவசரம் என்று போன் செய்திருந்தால், ஷிப்ட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "5 எச்.பி. பம்ப் பாடியை முதல்ல ஓட்டுங்க" என்பேன். "சரிங்க சார்" என்பார். புரொடக்‌ஷன் மேனேஜர் 9 மணிக்கு வரும்போது அவர் போட்ட பிளான் கலைந்திருக்கும்.

ஒருமுறை அப்படி நான் தள்ளிவைத்த வேலைக்கான கோர்கள் (வார்ப்பின் உள்ளே வெற்றிடம் வர அச்சுக்குள் வைக்கும் மணல் உருவங்கள்) மூன்று நாள் ரேக்கிலேயே கிடந்தன. மழைக்காலம். மணல் கோர் ஈரம் இழுத்தால், உலோகம் ஊற்றும்போது ஆவி கிளம்பி வார்ப்பில் துளை விழும். மெஷின் ஷாப்பில் முதல் கட் ஓடியதுமே துளைகள் தெரிந்தன. அந்த லாட்டில் பாதிக்கு மேல் திரும்ப உலைக்கே போனது. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர்.

அந்த நஷ்டத்தைக்கூட ஈடுகட்டிவிட்டோம். பிறகு ஒரு நாள் அவர் அறை போர்டு காலியாக இருந்தது. "பிளான் எழுதலையா?" என்றேன். "நீங்க சொன்னதும் எழுதிக்கலாம்னு இருக்கேங்க சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. நாலு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவரளவுக்குப் பவுண்டரி தெரிந்த ஆள் அதன்பின் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எரிச்சல் வருகிறது.

இதே தவறு இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. இரவு 11 மணிக்கு ஜி.எம். ஒரு வரி போடுகிறார். விடிந்தால் மூன்று துறைகளின் பிளான் மாறிவிடுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஷாப் ஃப்ளோருக்குப் போங்கள், பாருங்கள், விசாரியுங்கள். உத்தரவு மேனேஜர் வழியாகவே போகட்டும். அவசரம் என்றால் அவரிடம், "இதை முன்னால் எடுத்தால் எது பின்னால் போகும்?" என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் கோர் கிடப்பது அன்றே தெரிந்திருக்கும்.

பணத்தை ஃபைனான்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

முன்பு ஆலையை ஜி.எம். பார்ப்பார், பணத்தை முதலாளி பார்ப்பார். அந்தக் காலம் போய்விட்டது. ஜாப் ஒர்க் (நமக்காகக் கூலிக்கு வேலை) செய்துதரும் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். தாமதித்தால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும். 2023-24 நிதியாண்டிலிருந்து வரியில் இதுதான் நிலைமை. பில் பல நேரம் மாட்டிக்கொள்வது ஃபைனான்ஸில் அல்ல, உங்கள் ஆட்களின் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில்.

பழைய துறைக்குச் செல்லம் கொடுப்பது

மற்றவர்கள் முதல் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லீவே எடுக்காமல் இருப்பது

பத்து நாள் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வாருங்கள். உங்கள் கையெழுத்துக்காக என்னென்ன ஃபைல் காத்துக் கிடந்தது என்று திரும்பி வந்ததும் பாருங்கள். அதில் பாதிக்கான அதிகாரத்தை அன்றைக்கே மேனேஜர்களுக்குக் கொடுத்துவிடலாம்.