தற்செயலாக ஒப்பனைக் கலைஞராகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மணப்பெண் ஒப்பனை செய்கிறவர்களில் பலர் இத்தொழிலை நினைத்து வளர்ந்தவர்கள் அல்லர். நர்சிங் முடித்தவர்களும், பொறியியல் படித்து வீட்டிலிருந்தவர்களும், குழந்தை பிறந்தபின் பள்ளி வேலையை விட்டவர்களும் இதில் இருக்கிறார்கள். நான் பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, தக்கலையில் சித்தி மகளின் திருமணத்துக்கு வர வேண்டிய பியூட்டிஷியன் வராமல் போனதால், விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டார் என் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டார்கள். அப்படி வருவதில் தவறில்லை. வந்த பிறகும், உறவுக்காரப் பெண்ணுக்குப் பொட்டு வைத்துவிடுவதுபோல அதை நடத்திக்கொண்டிருப்பதுதான் தவறு.

அதன் முதல் அடையாளம், முகத்தைப் படிக்கும் முன்பே பெட்டியை நிரப்புவது. கடன் வாங்கி விலையுயர்ந்த செட் வாங்கியவரிடம் பெரும்பாலும் வெளிர்நிற ஃபவுண்டேஷன்களே (தோல் நிறத்துக்கேற்ப முகத்தில் இடும் அடிப்பூச்சு) மிகுதியாக இருக்கும். நம்மூர் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பொருந்துபவை ஒன்றிரண்டுகூட இருக்காது. நல்ல பிரஷ்கள் சிலவும், ஒன்றோடொன்று கலந்து நிறம் கூட்டக்கூடிய நான்கைந்து ஃபவுண்டேஷன்களும் தொடங்குவதற்குப் போதும்.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான முகங்கள் கெடுவது இங்கேதான். "பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கி விடு மக்களே" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். புதியவர் மறுக்கத் தயங்கி, இரண்டு ஷேடு கூட்டிப் பூசுவார். விளைவு வெண்மையன்று, சாம்பல் நிறம். கழுத்தும் கையும் வேறொருவருடையவைபோலத் தெரியும். ஃபவுண்டேஷனைப் புறங்கையில் சோதிப்பதும் பிழையே. தாடை ஓரத்தில் சிறு கோடாக இட்டு, மணப்பெண்ணை டியூப்லைட் வெளிச்சத்திலிருந்து முன்வாசலுக்கு அழைத்து வந்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப்பட்டதும் சற்றுக் கருக்கும். ஆகவே பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். எந்தக் கோடு தோலோடு கலந்து கண்ணுக்குப் படாமல் போகிறதோ, அதுவே அவளுடைய நிறம்.

கண்ணாடியில் சரியாகத் தெரிவது படத்திலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும், சில பவுடர்களில் உள்ள சிலிக்காவும் கேமராவின் ஃப்ளாஷைத் திருப்பியடிக்கும். முட்டத்தில் ஒரு தேவாலயத் திருமணத்தில், வெள்ளைச் சேலையும் நெட்டும் (தலையில் அணியும் வலைத்துணி முக்காடு) அணிந்த மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே, நான் கூடுதலாக ஒற்றிய பவுடர் இரண்டு பிறைகளாக வெளுத்து நின்றதை ஆல்பத்தில் பார்த்தபோதுதான் இதை அறிந்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. அந்தப் படங்களைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அன்றுமுதல், திருமணத்துக்கு முன்பே ஒப்பனையைப் போட்டுப் பார்க்கும் டிரயல் நாளிலேயே விளக்கை அணைத்து, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

டிரயல் என்றதும் ஒவ்வாமைச் சோதனையும் நினைவுக்கு வர வேண்டும். காதுக்குப் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது பூசி 48 மணி நேரம் கவனிக்கச் சொல்லுங்கள். ஒட்டு இமைக்குப் பயன்படும் பசைகள் சிலவற்றில் லேடெக்ஸ் இருப்பதால், ரப்பர் ஒவ்வாமை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். திருமணத்துக்கு முன் வெளுக்கவைக்கும் கிரீம்களைப் பரிந்துரைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். உற்பத்தியாளர் முகவரியோ, தொகுதி எண்ணோ, காலாவதித் தேதியோ இல்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும். அத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2023இல் கேரளத்தின் கோட்டக்கல் பகுதி மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

சுத்தம் குறித்து எனக்குச் சமரசமே கிடையாது. மணப்பெண்ணுக்கு முடித்த கையோடு, அதே மஸ்காரா குச்சியால் தங்கைக்கும் நாத்தனாருக்கும் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. மெட்ராஸ் ஐ பரவ இதைவிட எளிய வழி வேண்டாம். பயன்படுத்தி எறியும் குச்சிகள் மலிவாகவே கிடைக்கின்றன. லிப்ஸ்டிக்கைச் சிறு கரண்டியால் எஃகுத் தட்டில் வழித்தெடுத்துத் தனிப் பிரஷால் பூச வேண்டும்; திறந்த மஸ்காராவை மூன்று மாதத்தில் எறிந்துவிட வேண்டும்.

இரு பருவமழையும் பெறும் கடலோர மாவட்டம் இது. காற்றில் ஈரம் குறைவதே இல்லை; கனமாகப் பூசினால் தாலி கட்டுவதற்குள் வழிந்துவிடும். மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, வியர்த்தால் மேலும் பவுடர் போடாமல் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். தோவாளையிலிருந்து வரும் பிச்சிப்பூ ஈரத்தோடு வரும். நீரை உதறாமல் ஜடையில் வைத்தால், பிடரியில் பூசியதெல்லாம் கோடுகோடாக வழிந்து ரவிக்கையில் இறங்கும்.

உறவினரிடம் அட்வான்ஸ் கேட்கத் தயங்குவதும், எத்தனை பேருக்குச் செய்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்காததும் பின்னால் மனக்கசப்பில் முடியும். "சும்மா மேக்கப் போடுவேன்" என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம் உண்டாகிறது. திரைத்துறையில் பெண்கள் ஒப்பனைக் கலைஞராகப் பதிவு பெறச் சங்கங்கள் தடை விதித்திருந்தன. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா முதலியோர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. நீதிமன்றம்வரை போய்ப் பெற்ற 'ஒப்பனைக் கலைஞர்' என்ற பெயரை உங்கள் விசிட்டிங் கார்டில் தயங்காமல் அச்சிடுங்கள்.

கடைசியாக, ஆவணியிலும் தையிலும் வரும் பணத்தை மாத வருமானமாகக் கணக்கிட்டுத் தவணைக்குப் பொருள் வாங்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தவக்காலத்தில் தேவாலயத் திருமணங்கள் குறைந்துவிடும். அந்த நாள்களில்தான் நான் பெட்டியைக் கொட்டி, காலாவதியானவற்றைக் களைந்து, பக்கத்து வீட்டுப் பெண்களை முன்வாசலில் உட்கார்த்திப் புதிய நிறங்களைக் கலந்து பழகுகிறேன்.